கம்பம் உயர்ந்தால் சிக்னல் உயருமா?

தென் மாவட்டத்துக்காரர்களுக்கு ஆன்டெனா அறிமுகமானது தொலைக்காட்சியோடுதான். 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும், கடல் தாண்டி வரும் அந்தப் படத்தைப் பிடிக்க மொட்டை மாடிகளில் இருபது முப்பது அடிக் குழாய்கள் முளைத்தன. உச்சியில் மீன் முள் போன்ற யாகி ஆன்டெனா, அதற்குக் கீழே பூஸ்டர் டப்பா. பிறகு கொடைக்கானலில் தூர்தர்ஷனின் உயர்சக்தி ஒளிபரப்பி வந்தபோது திண்டுக்கல், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நத்தம் என்று சமவெளி முழுக்க ஆன்டெனாக்கள் அந்த மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டன. மாடியில் ஒருவர் குழாயைத் திருப்புவார், வாசலில் ஒருவர் அண்ணாந்து நிற்பார், உள்ளே இருந்து "வந்துருச்சு, அப்படியே விடு" என்று சத்தம் வரும். அந்தத் தலைமுறைக்கு மனதில் நின்ற பாடம் ஒன்றுதான்: எவ்வளவு உயரமோ அவ்வளவு தெளிவு.

நாற்பது ஆண்டுகள் கழித்து அதே மாடிகளில் மறுபடியும் ஆன்டெனா ஏறுகிறது, இந்த முறை 4ஜி ரவுட்டருக்காக. பழைய பாடத்தை நம்பிக் கம்பத்தை உயர்த்தியவர்களில் பலருக்கு ரவுட்டரில் சிக்னல் புள்ளி முழுதாக நிற்கிறது, வேகம் மட்டும் முன்பைவிடக் குறைந்துவிடுகிறது. கடைக்காரரைத் திட்டுகிறார்கள், கம்பெனியைத் திட்டுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு இரண்டிலும் இருப்பதில்லை. தொலைக்காட்சி வந்த விதம் வேறு, செல்போன் அலை வரும் விதம் வேறு.

அந்த நாளில் ஒரு வட்டாரத்துக்கு ஒரு ஒளிபரப்பி. பக்கத்து ஒளிபரப்பி வேறு சேனலில் இருக்கும், ஒன்றோடொன்று மோதாது. 4ஜியில் ஒரு நிறுவனத்தின் எல்லா டவர்களும் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசுகின்றன. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் நாலு கமிஷன் கடைக்காரர்கள் ஒரே சமயத்தில் விலை கூவினால், பக்கத்தில் நிற்பவர் குரல் மட்டும் காதில் விழும்வரை சிக்கல் இல்லை. ஏணி போட்டு மேலே ஏறினால் நாலு குரலும் சமமாகக் கேட்கும், எந்த விலையும் புரியாது. கம்பத்தின் உச்சியில் இருக்கும் ஆன்டெனாவுக்கு நேர்வது இதுதான். உயரம் அதற்கு ஒரு டவரைக் கூடுதல் தெளிவாகக் காட்டுகிறது. வேண்டாத ஐந்து டவர்களையும் சேர்த்தே காட்டுகிறது.

இந்தச் சமவெளியில் செல்போன் ரவுட்டரை நம்பி இருப்பவர்கள் யார்? ஃபைபர் வராத தோட்டத்து வீடுகள், மாந்தோப்புக்கும் கோழிப்பண்ணைக்கும் சிசிடிவி வைத்திருப்பவர்கள், எடைமேடைகள், ஊருக்கு வெளியே இருக்கும் சிறு நூற்பாலைகள், வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஊர் திரும்பிய கணினிப் பட்டதாரிகள். கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காகப் பிள்ளைகள் மரத்திலும் பாறையிலும் ஏறி உட்கார்ந்த படங்கள் தமிழ்நாட்டு மலையோர ஊர்கள் பலவற்றிலிருந்து வந்தன. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் திட்டத்தை அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் எடுத்து நடத்துகிறது. ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை வந்த கம்பி, அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தோட்டத்துக்குத் தானாக வந்துவிடாது.

கிராமத்துக்கு வானலையில் இணைப்புக் கொடுப்பது புது யோசனையும் அல்ல. 1990-களில் கிராமப் பொதுத் தொலைபேசிகளுக்குத் தொலைத்தொடர்புத் துறை எம்.ஏ.ஆர்.ஆர். என்ற வானலை முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு தொலைபேசிக்கும் ஒரு கம்பம், ஒரு ஆன்டெனா, ஒரு பேட்டரி. அடிக்கடி பழுதாகி, கடைசியில் அத்தனையையும் மாற்ற வேண்டியதாயிற்று. பிறகு பி.எஸ்.என்.எல். வீட்டுத் தொலைபேசியையே கம்பியில்லா முறையில் கொடுத்துப் பார்த்தது. எல்லாவற்றிலும் கருவியைவிடக் கம்பமும் கேபிளும் இணைப்பியும்தான் அதிகம் படுத்தின. இன்றைக்கும் கதை பெரிதாக மாறிவிடவில்லை.

இனி நிலம். திண்டுக்கல்லுக்குக் கிழக்கிலும் தென்கிழக்கிலும் ஆயிரம் மீட்டருக்கு மேல் எழும் சிறுமலை. மேற்கே பழனி மலைத்தொடர். ஊர் நடுவே நாயக்கர் காலத்துக் கோட்டையைத் தலையில் சுமந்த ஒற்றைப் பாறை. வடக்கே வேடசந்தூர் பக்கம் திறந்த மேட்டு நிலம். தென்மேற்கே ஆத்தூர், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வழியில் தென்னந்தோப்பும் பூந்தோட்டமும். நத்தம் பக்கம் மா. ஒரே மாவட்டத்துக்குள் நாலு விதமான சிக்னல் பிரச்சினை இருக்கிறது. நாலுக்கும் ஒரே ஆன்டெனாவைக் கடைகள் விற்கின்றன.

வாங்குவதற்கு முன்னால் அளக்க வேண்டும். கைபேசியின் மேல் ஓரத்தில் தெரியும் புள்ளிகளை அளவுகோலாக வைத்துக்கொள்ள முடியாது. அவை பலத்தை மட்டும் காட்டுகின்றன, அதையும் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால் ஆர்.எஸ்.ஆர்.பி., எஸ்.ஐ.என்.ஆர். என்று இரண்டு எண்கள் இருக்கும். ஆண்ட்ராய்டு கைபேசியில் செல்மேப்பர், நெட்வொர்க் செல் இன்ஃபோ போன்ற செயலிகளும் இவற்றைக் காட்டும். முதல் எண் டவரின் குரல் எவ்வளவு பலமாக வருகிறது என்பது. மைனஸ் 80 என்றால் அருமை, மைனஸ் 100 சுமார், மைனஸ் 115-க்குக் கீழே போனால் திண்டாட்டம். இரண்டாவது எண், அந்தக் குரல் சுற்றுச் சத்தத்துக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்பது. 20-ஐத் தாண்டினால் டவர் ஒரு துடிப்பில் 6 அல்லது 8 பிட் ஏற்றி அனுப்பும். பூஜ்யத்துக்கு அருகில் வந்தால் 2 பிட்தான் ஏறும், அதிலும் பெரும்பகுதி பிழைதிருத்தத்துக்கே போய்விடும். வேகத்தைத் தீர்மானிப்பது இந்த இரண்டாவது எண். முதல் எண் மைனஸ் 75 என்று காட்டி, இரண்டாவது எண் 2 என்று நின்றால், அந்த வீட்டுக்கு உயரம் தேவையில்லை, மறைப்புதான் தேவை.

அளவை ஒரே நேரத்தில் எடுத்துவிட்டு முடிவுக்கு வரவும் கூடாது. விடியற்காலையில் நாற்பது மெகாபிட் வரும் இடத்தில் இரவு எட்டு மணிக்கு மூன்று மெகாபிட் வந்து, இரண்டு எண்களும் அப்படியே இருந்தால், கோளாறு ஆன்டெனாவில் இல்லை, டவரில் கூட்டம். உலகத்திலேயே உயர்ந்த ஆன்டெனாவை வாங்கி மாட்டினாலும் கூட்டம் குறையாது. அந்தப் பணத்துக்கு வேறு நிறுவனத்தின் சிம் வாங்கிப் போட்டுப் பார்ப்பது மேல்.

டவர் எந்தத் திசையில் என்பது அடுத்த கேள்வி. கண்ணுக்குத் தெரியும் டவர் நம் நிறுவனத்தினுடையதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 2017-இல் தொலைத்தொடர்புத் துறை தொடங்கிய தரங் சஞ்சார் இணையதளத்தில் நம் இடத்தைச் சுற்றியுள்ள டவர்களை வரைபடத்தில் பார்க்கலாம். 2024-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் தன் சேவைப் பரப்பின் வரைபடத்தை வெளியிட வேண்டும். அந்த வரைபடங்களில் பச்சையாக இருக்கும் பகுதி எல்லாம் நிஜத்தில் பச்சை என்று நம்ப வேண்டியதில்லை. பாறைக்குப் பின்னால் இருக்கும் வீடு அதில் தனியாகத் தெரியாது. திசையைக் கண்டுபிடிக்க ஓர் ஆரம்பமாக வைத்துக்கொள்ளலாம்.

அலைவரிசை இன்னொரு சங்கதி. இந்தியாவில் 4ஜி 700 மெகாஹெர்ட்ஸிலிருந்து 2500 வரை பல பட்டைகளில் ஓடுகிறது. ஜியோவுக்கு 850, 1800, 2300, பி.எஸ்.என்.எல்.-இன் உள்நாட்டுத் தயாரிப்பான 4ஜிக்கு 700-உம் 2100-உம். ஐந்து கிலோமீட்டர் தள்ளியுள்ள டவரிலிருந்து, நடுவில் எதுவுமே மறைக்காத நிலையில்கூட, 2300 பட்டையின் அலை 850-ஐவிட 8.6 டெசிபல் கூடுதலாக இழந்துதான் வந்து சேரும். அதாவது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு பலம். நடுவில் தென்னந்தோப்பு இருந்தால் இடைவெளி இன்னும் விரியும். ஆனால் 2300-இல் பாதை அகலம், கூட்டம் குறைந்த நேரத்தில் பதிவிறக்கம் பறக்கும். சிசிடிவிக்காரர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2300 பட்டையில் அனுப்புவதும் பெறுவதும் ஒரே பாதையை நேரம் பிரித்துப் பகிர்ந்துகொள்கின்றன, பெரும்பங்கு பதிவிறக்கத்துக்கே ஒதுக்கப்படுகிறது. கேமரா செய்வதோ முழுக்க முழுக்கப் பதிவேற்றம். போதாததற்கு டவர் இருபது, நாற்பது வாட் சக்தியில் பேச, ரவுட்டர் வெறும் 200 மில்லிவாட்டில் பதில் சொல்கிறது. "எனக்கு வீடியோ எல்லாம் ஓடுது, கேமரா மட்டும் நிக்குது" என்ற புகாருக்குக் காரணம் இதுதான். பட்டையைத் தேர்ந்து பூட்டும் வசதியுள்ள ரவுட்டராக இருந்தால், மாந்தோப்புக் கேமராவை 1800-லோ 850-லோ நிறுத்திப் பார்க்கலாம். பதிவிறக்க வேகம் குறைந்தாலும் படம் நிற்காமல் போகும்.

ஆன்டெனா வகைகளுக்கு வந்தால், சந்தையில் பொய் அதிகம் விற்கும் இடம் இது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் தகடு, மேலே "35 டிபிஐ" என்று கொட்டை எழுத்தில். டிபிஐயில் சொல்லப்படும் ஆன்டெனாவின் ஈர்ப்புத் திறனை அதன் அளவும் அலைநீளமும்தான் நிர்ணயிக்கின்றன, அட்டைப்பெட்டியில் அச்சடிப்பவர் அல்ல. 1800 மெகாஹெர்ட்ஸில் நிஜமாகவே 35 டிபிஐ வேண்டுமென்றால் சுமார் நாலு மீட்டர் விட்டமுள்ள டிஷ் வேண்டும். 24 டிபிஐக்கே ஒரு மீட்டருக்குச் சற்று மேல் விட்டம் தேவை. கையில் பிடிக்கும் தகட்டுக்கு மூன்று, நான்கு டிபிஐ கிடைத்தால் அதிர்ஷ்டம்.

நாலாபுறமும் கேட்கும் குச்சி ஆன்டெனா வண்டிக்கும், ஒரே ஒரு டவர் மட்டும் எட்டும் ஒதுக்குப்புறத்துக்கும் சரி. திண்டுக்கல் நகருக்குள்ளோ, திண்டுக்கல்–மதுரை நெடுஞ்சாலையோரத்திலோ அதை மாடியில் நட்டால் எல்லா டவரின் சத்தத்தையும் அள்ளிக்கொண்டு வரும். யாகி, 1926-இல் ஜப்பானில் உடா, யாகி இருவரும் உருவாக்கியது. ஒரு பட்டைக்கு அளந்து செய்தால் அபாரமாக வேலை செய்யும், மற்றப் பட்டைகளில் சொதப்பும். லாக்-பீரியாடிக் வகையில் குச்சிகள் முன்னால் சிறியதாகவும் பின்னால் போகப்போக நீளமாகவும் இருக்கும். குட்டைக் குச்சிகள் 2600-ஐயும் நெட்டைக் குச்சிகள் 700-ஐயும் பிடிக்கும். ஈர்ப்பு ஒன்பது பத்து டிபிஐதான், ஆனால் எல்லாப் பட்டைக்கும் பொது. எந்த டவர், எந்தப் பட்டை என்று உறுதியாகத் தெரியாத தோட்டத்து வீட்டுக்கு இதையே சொல்லலாம். பத்து டிபிஐ ஆன்டெனாவின் பார்வை அறுபது டிகிரி அகலம், காற்றில் கொஞ்சம் ஆடினாலும் கெட்டுப்போகாது. 24 டிபிஐ வலை டிஷ்ஷுக்குப் பத்து டிகிரிதான். ஆடிக் காற்றில் கம்பம் அசைந்தால் டவர் நழுவிவிடும்.

ஒன்று வாங்கினால் போதுமா? போதாது. 4ஜி ரவுட்டர் இரண்டு ஆன்டெனாக்களில் இரண்டு தனித்தனி ஓட்டங்களைப் பெறுகிறது. டவரில் இருக்கும் ஆன்டெனாக்கள் ஒன்று வலப்பக்கம் 45 டிகிரி, இன்னொன்று இடப்பக்கம் 45 டிகிரி சாய்ந்து நிற்கும் ஜோடி. வீட்டிலும் அதே போல இரண்டு ஆன்டெனாக்களைப் பெருக்கல் குறி போலச் சாய்த்து மாட்ட வேண்டும். ஒன்றை மட்டும் வாங்கி ஒரு துளையில் மாட்டி, இன்னொரு துளையில் ரவுட்டரோடு வந்த குட்டிக் குச்சியை விட்டுவைப்பது பரவலாக நடக்கிறது. பலம் கூடியதாகப் புள்ளி காட்டும். இரண்டாவது ஓட்டம் படுத்துவிட்டதால் வேகம் அப்படியே இருக்கும்.

துளை என்றதும் ஒரு எச்சரிக்கை. டி.பி.-லிங்க் எம்.ஆர்.6400 போன்ற ரவுட்டர்களில் கழற்றி மாட்டக்கூடிய 4ஜி ஆன்டெனாக்கள் உண்டு. ஜியோஃபை போன்ற கையடக்கக் கருவிகளில் துளையே கிடையாது. வேறு சில ரவுட்டர்களில் பின்னால் நீட்டி நிற்பவை வைஃபைக் குச்சிகள். அவற்றில் எவ்வளவு பெரிய டவர் ஆன்டெனாவை மாட்டினாலும் பயனில்லை. இரண்டு வகை இணைப்பியும் வெளிப்பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், மரையும் பொருந்தும். வித்தியாசம் நடுவில்தான். இரண்டும் மரை வெளியே தெரியும் துளைகள். 4ஜி துளையின் நடுவே சிறு குழி இருக்கும், வைஃபைத் துளையின் நடுவே ஊசி இருக்கும். தவறானதை மாட்டினால் மரை ஏறினாலும் நடுக்கம்பி சரியாக இணையாது. டார்ச் அடித்து ஒரு நிமிஷம் பார்த்தால் ஒரு வார அலைச்சல் மிச்சம்.

கேபிள்தான் இந்தக் கதையின் வில்லன். ஆன்டெனா சம்பாதித்ததைக் கேபிள் தின்றுவிடும். 1800 மெகாஹெர்ட்ஸில் பத்து மீட்டர் நீளத்துக்கு, மெல்லிய ஆர்.ஜி.58 கேபிளில் ஏழு டெசிபலுக்குக் குறையாமல் போய்விடும், எல்.எம்.ஆர்.200-இல் ஐந்துக்குச் சற்றுக் கீழே, சுண்டுவிரல் பருமனுள்ள எல்.எம்.ஆர்.400-இல் இரண்டு. ஏழு டெசிபல் போனால் ஐந்தில் ஒரு பங்குதான் கீழே வந்து சேர்கிறது என்று பொருள். பத்து டிபிஐ ஆன்டெனாவைப் பத்து மீட்டர் ஆர்.ஜி.58-இல் இறக்கினால் மிச்சம் மூன்று; ரவுட்டரை ஜன்னல் ஓரம் நகர்த்தினாலே அதைவிட அதிகம் கிடைத்திருக்கும். ஒரு செங்கல் சுவர் ஐந்து முதல் பத்து டெசிபலும், கம்பி கட்டிய கான்கிரீட் அதற்கு மேலும் விழுங்குகின்றன. தகரக் கூரை போட்ட மில் கொட்டகைக்குள்ளே கிட்டத்தட்ட எதுவும் வராது.

கேபிள் டிவிக்குப் போடும் ஆர்.ஜி.6 வீட்டில் சுருள் சுருளாகக் கிடக்கிறதே, அதைப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது 75 ஓம், செல்போன் ஆன்டெனாவும் ரவுட்டரும் 50 ஓம். பொருத்தமில்லை என்று கடைக்காரர்கள் பயமுறுத்துவார்கள். நிஜத்தில் அந்தப் பொருத்தமின்மையால் திரும்பிப்போவது நூற்றுக்கு நாலு பங்கு மட்டும். பத்து மீட்டரில் கேபிள் இழப்பும் மூன்று டெசிபல்தான், ஆர்.ஜி.58-ஐவிட நல்லது. தொந்தரவு இணைப்பிகளில் வருகிறது. இரண்டு முனையிலும் மாற்றி மேல் மாற்றி போட வேண்டியிருக்கும், ஒவ்வொன்றும் தளர்ந்து தண்ணீர் குடிக்கும் வாய்.

இதற்கெல்லாம் ஒரே அடியாக ஒரு தீர்வு இருக்கிறது: சிக்னலைக் கீழே இறக்காமல் ரவுட்டரையே மேலே ஏற்றிவிடுவது. வெளிப்புறத்தில் பொருத்தும் 4ஜி ரவுட்டர்களில் ஆன்டெனாவும் மோடமும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். இடையே சில சென்டிமீட்டர்தான் தூரம். பெட்டியிலிருந்து வீட்டுக்குள் வருவது சாதாரண நெட்வொர்க் கேபிள், அதிலேயே மின்சாரமும் ஏறிப் போகும், நூறு மீட்டர்வரை தரவில் இழப்பே இல்லை. கிணற்று மேட்டில் சிக்னல் இருக்கிறது, வீட்டில் இல்லை என்ற தோட்டங்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. கம்பத்தை வீட்டு மாடியில்தான் நட வேண்டும் என்று யார் சொன்னது? 2023-இல் ஜியோ கொண்டுவந்த ஏர்ஃபைபர் இணைப்பும் இதே முறையில்தான் மாடியில் பெட்டியை வைக்கிறது.

இடம் தேர்வதில் திண்டுக்கல்லின் நாலு நிலங்களும் நாலு விதமாகப் பேசுகின்றன. தென்னையோடு தொடங்கலாம். நாற்பது மீட்டர் டவர், ஐந்து கிலோமீட்டர் தூரம், பத்து மீட்டர் உயரத்தில் ஆன்டெனா என்று வைத்துக்கொண்டால், இரண்டுக்கும் நடுப்பாதியில் நேர்கோடு 25 மீட்டர் உயரத்தில் ஓடும். இருபது மீட்டர் தென்னைக்கு மேலே ஐந்து மீட்டர் இடைவெளி இருக்கிறதே, போதாதா? அலை கோடு மாதிரி ஓடுவதில்லை, நடுவில் உப்பிய ஒரு குழாய் போலப் பரவி வருகிறது. 1800 மெகாஹெர்ட்ஸில் அந்த இடத்தில் குறைந்தது ஒன்பது மீட்டர் வெளி வேண்டும். வீட்டுக்கு நூறு மீட்டர் முன்னால் நிற்கும் தென்னையோ அந்த நேர்கோட்டை முழுசாகவே மறைத்துவிடும், ஏனென்றால் அங்கே நேர்கோட்டின் உயரம் பதினோரு மீட்டர்கூட இல்லை. ஆகவே ஆத்தூர், நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் தொலைவில் இருக்கும் தோப்பைவிடப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை மரம் அதிகம் கெடுக்கும். ஆன்டெனாவைப் பத்தடி வலமோ இடமோ தள்ளி மரங்களின் இடைவெளி வழியாகப் பார்க்க வைப்பது, கம்பத்தை இன்னும் பத்தடி உயர்த்துவதைவிட மலிவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேகம் குறைகிறது என்று இங்கே சொல்வதும் உண்மைதான். ஆனால் இந்த அலைவரிசைகளை மழைத்துளி ஒன்றும் செய்வதில்லை. நனைந்த ஓலைகளும், இணைப்பிக்குள் இறங்கிய தண்ணீரும்தான் செய்கின்றன.

வேடசந்தூர் மேட்டு நிலத்தில் மறைப்பு குறைவு, எட்டாத தூரத்து டவரும் எட்டும். அங்கே இன்னொரு விசித்திரம் உண்டு. டவர் தன்னோடு எவ்வளவு தூரம் வரை பேச அனுமதிக்கிறது என்பதற்கு நேரக் கணக்கில் ஒரு வரம்பு இருக்கிறது. வழக்கமாக வைக்கும் அமைப்பில் அது பதினாலு கிலோமீட்டர் சொச்சம். அதற்கு அப்பால், மலை மேலே இருக்கும் ஒரு டவரின் சிக்னல் கண்ணாடி போலத் தெரிந்தாலும் இணைப்புக் கிடைக்காமல் போகலாம். ரவுட்டர் கேட்கிறது, கூப்பிடுகிறது, பதில் குரல் நேரம் தவறிப் போய்ச் சேர்கிறது.

சிறுமலை அடிவாரத்தில் சங்கடம் நேர்மாறு. மலைமேல் இருக்கும் டவரின் கதிர் மலைக்கிராமத்தையும் தூரத்துச் சமவெளியையும் பார்க்கும்படி சாய்க்கப்பட்டிருக்கும், காலடியில் இருப்பவர் தலைக்கு மேலே அது கடந்துபோய்விடும். இங்கே மலைக்கு முதுகைக் காட்டி, சமவெளி டவரைப் பார்த்து ஆன்டெனாவை வைப்பதே புத்திசாலித்தனம்; பின்னாலிருந்து வரும் சத்தத்தை மலை தடுத்துக் கொடுப்பது இலவச லாபம்.

நகருக்குள் பாறை. மலைக்கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010-இல் திருத்தப்பட்ட சட்டப்படி இத்தகைய சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கப்பால் இருநூறு மீட்டர் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது. ஊரிலேயே உயரமான இடத்தில் டவர் வைக்கும் யோசனைக்கு அங்கேயே முற்றுப்புள்ளி. பாறைக்கு ஒரு பக்கம் டவர், மறுபக்கம் வீடு என்றால் நேர் திசையில் ஆன்டெனாவைத் திருப்பினால் கிடைப்பது கருங்கல்தான். அப்படிப்பட்ட வீட்டில் ஆன்டெனாவை மெல்லச் சுற்றி, எதிர்த்திசையில் ஏதாவது உயரமான கட்டடத்தில் பட்டுத் திரும்பும் அலை கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதினைந்து டிகிரி திருப்பி, ஒரு நிமிஷம் பொறுத்து, எஸ்.ஐ.என்.ஆர்.-ஐக் குறித்துக்கொண்டு, மறுபடி பதினைந்து டிகிரி. புள்ளியைப் பார்த்துத் திருப்பினால் ஏமாற்றும்.

டவர் நெருக்கமாக உள்ள தெருக்களில் கம்பத்தைக் கைப்பிடிச் சுவரின் உயரத்துக்கும் கீழே இறக்கிப் பார்ப்பது பலமுறை பலன் தரும். வேண்டிய டவரைப் பார்த்த சுவரில் ஆன்டெனாவைப் பொருத்தினால், வீடே மற்றப் பக்கத்து டவர்களுக்குத் திரையாகிவிடும். பலம் ஐந்து டெசிபல் குறையலாம், சுத்தம் பத்துக் கூடும். மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மட்டும் வைக்கக் கூடாது, நிறைந்த தொட்டி அலையை விழுங்கும்.

பம்பு செட்டுகளுக்கு ஒரு வரி. சிம் போட்டு மோட்டாரைக் கைபேசியிலிருந்து ஓடவிடும் ஸ்டார்ட்டர்களில், காந்த அடியுள்ள சின்ன ஆன்டெனாவை இரும்புப் பெட்டிக்குள்ளேயே சுருட்டி வைத்துக் கதவைச் சாத்தியிருந்தால், அதை வெளியே எடுத்துப் பெட்டியின் தலையில் ஒட்ட வைத்தாலே பாதிப் புகார் தீரும்.

கம்பத்தில் மாட்டிய பிறகும் வேலை முடிந்துவிடவில்லை. இணைப்பியைத் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் இழுத்துச் சுற்ற வேண்டும். கேபிள் சுவருக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு தொங்கல் விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். வெட்டவெளியில் தனியாக நிற்கும் இரும்புக் குழாய்க்குத் தரையிணைப்பும், கேபிளில் மின்னல் தடுப்பானும் கட்டாயம். சிறுமலைப் பக்கம் குரங்குகள் தொங்கும் கேபிளை விடுவதில்லை, குழாய்க்குள் விட்டு இறக்குவது நல்லது.

இவ்வளவு தொல்லை எதற்கு, ஒரு பூஸ்டர் வாங்கி மாட்டினால் போகிறது என்று நினைப்பவர்களுக்குச் சட்டம் குறுக்கே நிற்கிறது. ரவுட்டரில் மாட்டும் ஆன்டெனா வெறும் உலோகம், அது தானாக எதையும் ஒலிபரப்புவதில்லை. செல்போன் பூஸ்டர் என்பது அலையை வாங்கிப் பெருக்கித் திரும்பக் கக்கும் கருவி. அதை உரிமம் இல்லாத தனிநபர் வாங்குவதும் விற்பதும் மாட்டுவதும் சட்டப்படியே குற்றம். தொலைத்தொடர்புத் துறை இதைத் திரும்பத் திரும்ப அறிவித்திருக்கிறது. காரணம் வெறும் சம்பிரதாயம் இல்லை. மலிவான பூஸ்டர் ஒன்று தன் சத்தத்தையும் பெருக்கி டவரின் காதில் ஊற்றும்போது, அந்த டவரை நம்பியிருக்கும் தெரு முழுவதற்கும் அழைப்பு அறுபடும். எங்கே என்று தேடிக் கண்டுபிடித்து அகற்றவும் செய்கிறார்கள். ரூபவாஹினிக் காலத்துப் பூஸ்டர் பெறுவதை மட்டும் பெருக்கியது, யாருக்கும் கெடுதலில்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது.

இப்போது வாங்குபவர்கள் 5ஜியையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. 2022 ஏலத்துக்குப் பின் ஜியோ 700-லும் 3300-க்கு மேற்பட்ட பட்டையிலும் 5ஜி கொடுக்கிறது. ஏர்டெல் 3300 பட்டையில் தொடங்கி, முதலில் 4ஜியைத் தாங்கலாக வைத்தே நடத்தியது. அப்படித் தாங்கலோடு ஓடும் இணைப்பில் 4ஜி அலை சரியில்லையென்றால் 5ஜியும் தடுமாறும். கடையில் கிடைக்கும் லாக்-பீரியாடிக் ஆன்டெனாக்களில் பலவற்றின் அட்டையில் 698–2700 மெகாஹெர்ட்ஸ் என்றுதான் இருக்கும். 3300 பட்டைக்கு அவை கிட்டத்தட்டச் செவிடு. 3800 வரை எழுதியிருப்பதை வாங்கினால் நாளைக்கு ரவுட்டரை மாற்றினாலும் கம்பத்தில் ஏற வேண்டி வராது. பி.எஸ்.என்.எல். 2025 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கிவைத்த 4ஜியின் 700 பட்டை தோப்புகளுக்கு ஊடே நன்றாக நுழையும் ரகம். அதற்காக ஆன்டெனா வாங்குபவர்கள் பார்க்க வேண்டியது அட்டையின் கீழ் எல்லையை: 800-இல் தொடங்கும் பழைய சரக்கு இன்னும் கடைகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது.